சீதன வீட்டில் ஒரு மெசின்

பருத்தித்துறை
05.05.2025

இஞ்சாருங்கோ,

‘அன்புள்ள’ என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கை எழுத மறுக்கிறது. ஆகவே வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிடுகிறேன்.

உங்கள் நம்பரை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். கோபத்தில் செய்ததுதான். ஆனால் யோசித்துப் பார்க்க அது நல்ல வேலையாகத்தான் படுகிறது. போனில் கதைத்தால் நான் வாயைத் திறக்க முதலே நீங்கள் முடிவைச் சொல்லிவிடுவீர்கள். கடதாசியில் என்றால் நான் முடிக்கும்வரை குறுக்கே விழ முடியாது. உங்களுக்கும் சொல்ல ஏதும் இருந்தால் அம்மா வீட்டு விலாசத்துக்கு எழுதுங்கள்.

வெள்ளிக்கிழமை காலை நடந்தபோது நீங்கள் வீட்டில் இல்லை, அதனால் சொல்கிறேன். இரவு முழுக்க ஆஸ்பத்திரி வார்ட்டில் நின்றுவிட்டு, பஸ்ஸில் தூங்கி விழுந்து, கொக்குவிலில் இறங்கி வருகிறேன். கேற் திறந்து கிடக்கிறது. முன் விறாந்தையில் முன்பின் தெரியாத ஒருவர் நாடா பிடித்து அளந்துகொண்டு நிற்கிறார். என்ன என்று கேட்டேன்.

“வீட்டுக்காரர் வரச்சொன்னவர். வீட்டை ஈடு வைக்கப் போயினமாம், பெறுமதி பாக்க வந்தனான்” என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நீங்கள் ஆர், தங்கச்சி?” என்றார்.

நான் ஆரா? அப்பா ஊர் ஊராகக் கப்பலில் அலைந்து உழைத்து வாங்கி, கலியாணத்துக்கு முதல் கிழமை என் பெயரில் சீதன உறுதி எழுதித் தந்த வீடு அது. அதன் விறாந்தையில் நின்றுகொண்டு என்னை ஆர் என்று ஒருவர் கேட்கிறார். உள்ளே வந்தேன். நீங்கள் இல்லை. மெசின் இருந்தது.

அந்த மெசினோடு ஒரு வருடம் குடும்பம் நடத்தியவள் நான். எங்கள் படுக்கை அறைக்குப் பக்கத்து அறையில் அதைப் பொருத்திப் பூட்டிய நாள் சந்தனப் பொட்டு வைத்து, தேசிக்காய் வெட்டி, கற்பூரம் கொளுத்தினோம். தட்டுப் பிடித்தது நான்தான். இணையத்தில் மட்டும் இருக்கிற ஒரு காசுக்காக இரவு பகலாகக் கணக்குப் போடும் பெட்டி என்று விளங்கப்படுத்தினீர்கள். எப்போது நிற்கும் என்று கேட்டேன். சிரித்தீர்கள். அது நிற்கவே இல்லை. பின்னால் றெயில் போவதுகூட எனக்குக் கேட்பதில்லை. இரவு வேலை பார்க்கிற நேர்ஸ் பகலில்தானே படுக்க வேண்டும்? காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு, சுவர் விடும் வெக்கையில் புழுங்கிக்கொண்டு படுத்தேன். பக்கத்து வீட்டு உதயகலா அக்கா மதிலுக்கு மேலால் எட்டி, “தனு, உங்கடை வீட்டுக்குள்ளை என்ன பிளேனோ இறங்குது?” என்று கேட்பா. நானும் பல்லைக் காட்டிச் சமாளிப்பேன்.

கூரையில் சூரியத் தகடு இருக்கிறது, கறண்ட் சும்மா வருகிறது என்றீர்கள். அந்தத் தகட்டுக்கான கடன் என் சம்பளத்தில் கழிகிறது, அது போகட்டும். சூரியன் பின்னேரம் ஆறு மணிக்குப் படுக்கப் போய்விடுகிறது. உங்கள் மெசின் போவதில்லை.

நான் சொல்ல வந்தது இரண்டு. அந்த மெசின் அங்கே இருக்கும்வரை நான் வரமாட்டேன். ஈட்டுக்கு என் கையெழுத்தும் வராது.

தனுசியா


கொக்குவில்
09.05.2025

தனு,

கலியாணம் முடித்து மூன்று வருடத்தில் நீர் எனக்கு எழுதிய முதல் கடிதம் இது. இரண்டு தரம் வாசித்தேன். ஏதாவது ஒரு வரியில் ‘சாப்பிட்டீர்களா’ என்று இருக்குமோ என்று தேடினேன். இல்லை.

நான் குடிக்கிறேனா? காசு வைத்துச் சீட்டு விளையாடுகிறேனா? பகல் முழுக்கக் கடையில் இருந்து ஊரார் உடைத்துக்கொண்டு வரும் கொம்பியூட்டர்களைத் திருத்துகிறேன். வீட்டுக்கு வந்து மெசினின் தூசியைத் துடைக்கிறேன். இதற்கு நீர் என்னைக் கள்ளனைப் பற்றி எழுதுகிற மாதிரி எழுதியிருக்கிறீர். அளக்க வந்தவரை உமக்குச் சொல்லாமல் கூப்பிட்டது பிழை. உம்முடைய நித்திரையைக் குழப்பாமல் ஆறுதலாகச் சொல்லலாம் என்று இருந்தேன். அவர் ஒரு நாள் முந்தி வந்துவிட்டார்.

கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு இதை வாசியும். எங்களிடம் இருப்பது பழைய மெசின். ஒரு மெசின் எவ்வளவு கணக்குப் போடுகிறது என்பதை டெரா என்று அளப்பார்கள். பழையது நூறு டெரா போடும், ஒரு டெராவுக்கு முப்பது ஜூல் கறண்ட் குடிக்கும். இப்போது வந்திருக்கும் மொடல் ஒரு டெராவுக்குப் பதினைந்துதான். சரி பாதி! அதோடு நூறு போட்ட இடத்தில் இருநூற்றைம்பது போடும். பழையதை வைத்துக்கொண்டு இருக்கிறவன் கறண்டுக்குக் கட்டியே அழிவான். புதியது வாங்குகிறவன் மேலே வருவான். இந்தத் தொழிலே அவ்வளவுதான்.

கனிசியஸ் என்று ஒருவன், யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு கொழும்புக்காரர் மூலம் எடுத்துக் கொடுக்கிறான். ஒரு டெராவுக்கு இத்தனை டொலர் என்றுதான் விலை. மூன்று மெசின் சேர்த்து எடுத்தால் குறைத்துத் தருவான். கப்பல் கூலி, வரி, பெரிய கறண்ட் இணைப்பு எல்லாம் சேர்த்து நாற்பது இலட்சம். இந்த விலை இந்த மாதக் கடைசி வரைக்கும்தான்.

உறுதி உம்முடைய பெயரில். எங்கள் தேசவழமைச் சட்டப்படி உம்முடைய வீட்டை நீர் ஈடு வைப்பதென்றால் புருசனின் சம்மதம் எழுத்தில் வேண்டும். அதை நான் போட்டுவிட்டேன். இனி உம்முடைய கையெழுத்து மட்டும்தான். படிவம் இதோடு வருகிறது. வைக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளடி போட்டிருக்கிறேன். புது மெசினின் விபரத்தாளும் இருக்கிறது.

நீர் இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று எழுத நினைத்தேன். மெசின் சத்தத்துக்குள் இருந்துகொண்டு அப்படி எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஜெயரூபன்


பருத்தித்துறை
14.05.2025

இஞ்சாருங்கோ,

சாப்பிட்டீர்களா? கேட்டுவிட்டேன். இனி என் பங்கு.

என் வீட்டை நான் ஈடு வைக்க உங்கள் சம்மதம் வேண்டும் என்று ஒரு சட்டம். சரி, இருக்கட்டும். நான் உங்களிடம் சம்மதம் கேட்டேனா? கேட்காத சம்மதத்தை முதலில் எழுதி வைத்துவிட்டு, பிறகு சொந்தக்காரியைத் தேடிப் புள்ளடி போட்டு அனுப்புகிற ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன். எனக்கென்ன கையெழுத்து எங்கே வைப்பதென்று தெரியாதா? ஒரு நாளைக்கு எத்தனை மருந்துத் தாளில் வைக்கிறேன். படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன். புள்ளடி அப்படியே இருக்கிறது.

டெராவுக்குப் பாதி என்கிறீர்கள். அதைப் பெரிய எழுத்தில் போட்ட மாதிரி அழுத்தி எழுதியிருக்கிறீர்கள். நூறு டெரா, முப்பது ஜூல், பெருக்கினால் மூவாயிரம். இருநூற்றைம்பது டெரா, பதினைந்து ஜூல், மூவாயிரத்து எழுநூற்றைம்பது. ஒரு புது மெசினே பழையதைவிடக் கூடக் குடிக்கும். அதில் மூன்று! வேலைக்குப் பார்த்தால் சிக்கனம், வீட்டுக்குப் பார்த்தால் கொள்ளை. மீற்றர் பார்க்க வருகிறவரிடம் ‘ஐயா, இது டெராவுக்குப் பாதி’ என்று சொல்லிப் பாருங்கள். மீற்றருக்கு டெரா தெரியாது. அது ஓடிய கறண்டைத்தான் எண்ணும். அலகு கூடக் கூட ஒவ்வொரு அலகின் விலையும் ஏறும். இப்போதே மெசின் கொண்டுவரும் காசு, மாதம் வருகிற கறண்ட் பட்டியலில் பாதியைக் கட்டத்தான் காணும்.

நீங்கள் அனுப்பிய தாளை வாசித்தேன். அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், இந்தப் பதினைந்து ஜூல் இருபத்தைந்து பாகைச் சூட்டில் அளந்தது என்று போட்டிருக்கிறது. கொக்குவிலில் இருபத்தைந்து பாகை எப்போது வருகிறது? மார்கழியில், விடியப்புறம், மழையும் பெய்தால். இந்த வைகாசி வெயிலில் எங்கள் அறைக்குள் மனிசர் இருக்கவே ஏலாது. அங்கே அந்த மெசின் மட்டும் குளிர்நாட்டில் இருக்கிற மாதிரிக் குறைவாகக் குடிக்குமா?

விலையைப் பற்றி நீங்களே ஒருமுறை சொன்னீர்கள். இணையக் காசின் விலை ஏறினால் மெசினின் விலையையும் ஏற்றுவார்கள் என்று. அன்றைக்குச் சிரித்துக்கொண்டு சொன்னீர்கள், எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது. நெல் விலை ஏறிவிட்டதென்று உழவு மெசின்காரன் விலையை ஏற்றினால் கமக்காரர் சும்மா விடுவார்களா? செய்த செலவுக்கு விலை வைத்தால் வியாபாரம். வாங்குகிறவனின் ஆசையை அளந்து விலை வைக்கிறவனுக்கு என்ன பெயர்? எங்கள் விறாந்தையை அளந்தவருக்கும் அவனுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

தனுசியா


கொக்குவில்
21.05.2025

தனு,

அந்தச் சின்ன எழுத்தை உமக்கு முதலே வாசித்தவன் நான். இந்த வேலையில் இருக்கிற எனக்கு அது தெரியாதென்றா நினைத்தீர்? அறைக்கு இரண்டு பெரிய விசிறி போடும் செலவும் அந்த நாற்பது இலட்சத்துக்குள் இருக்கிறது. நீர் கறண்டுக் கணக்கை மட்டும் போடுகிறீர். கிடைக்கும் காசை வைத்திருந்து விலை ஏறும்போது விற்பதுதான் தொழில். போன வருடம் மாமாவின் கண் ஒப்பரேசனுக்கு நான் தந்த காசு எங்கிருந்து வந்தது? அப்படி விற்றுத்தான் வந்தது. அன்றைக்கு உங்கள் வீட்டில் ஒருவருக்கும் மெசின் சத்தம் போட்டதாகக் கேட்கவில்லை.

நான் இதைச் சொல்லக்கூடாது என்று இருந்தேன். நீர் ‘என் வீடு, என் வீடு’ என்று எழுத எழுத என்னால் பொறுக்க முடியவில்லை. தங்கச்சி சுபாஜினிக்கு நீர்வேலியில் சீதன வீடு கட்ட நான் ஆறு வருடம் கட்டாரில் காய்ந்தேன். கூரை ஓட்டுக்குக் காசு அனுப்பினேன், யன்னலுக்கு அனுப்பினேன், கிணறு கட்டவும் அனுப்பினேன். உறுதி அவளின் பெயரில். அது முறைதானே, எனக்கென்ன என்று ஊருக்குச் சொன்னேன். பிறகு உம்மைக் கலியாணம் முடித்து உம்முடைய வீட்டுக்கு வந்தேன். உறுதி உம்முடைய பெயரில். கறண்ட் பட்டியல் இன்னும் மாமாவின் பெயரில் வருகிறது. கட்டில், கதிரை, அலுமாரி மாமி தந்தது. சுவரில் ஒரு ஆணி அடிப்பதென்றால்கூட இங்கே அடிக்கலாமோ என்று யோசித்துத்தான் அடிக்கிறேன்.

நான் எனக்கென்று வாங்கி வைத்தது அந்த மெசின் ஒன்றுதான். அதையும் தூக்கு என்கிறீர். தூக்கி எங்கே வைக்கட்டும்? இரண்டு வீட்டுக்கு உழைத்தவனுக்கு எந்த வீட்டில் ஒரு மூலை இருக்கிறது, நீரே சொல்லும்.

முற்பணம் கட்டிவிட்டேன். மோட்டார் சைக்கிளை விற்றுக் கட்டினேன். இப்போது கடைக்குச் சைக்கிளில் போகிறேன். படிவத்தை மறுபடி அனுப்புகிறேன். புள்ளடியை அழித்துவிட்டேன்.

ஜெயரூபன்


பருத்தித்துறை
27.05.2025

இஞ்சாருங்கோ,

அப்பாவின் கண்ணுக்கு நீங்கள் தந்ததை நான் மறக்கவில்லை. அப்பாவும் மறக்கவில்லை. பேப்பர் வாசிக்கும்போதெல்லாம் “மருமோன் தந்த கண்” என்றுதான் சொல்லுவார்.

ஒரு மூலை இல்லை என்று எழுதியதை வாசித்து அழுதேன். பிறகு கோபம் வந்தது. மூன்று வருடம் ஒரே பாயில் படுத்த என்னிடம் இதை நீங்கள் ஒரு நாளும் சொல்லவில்லை. ஆணி அடிக்க யோசித்தீர்களாம். நான் உங்களை எப்போதாவது ஏன் அடித்தீர்கள் என்று கேட்டேனா?

அதைவிட ஒன்று. உங்களுக்கு மூலை தராத வீடு முதலில் நீர்வேலி வீடு. அதைக் கட்டியது நீங்கள். அங்கே போய், “சுபா, எனக்கு இதிலை ஒரு இடம் தா” என்று ஒரு நாள் கேட்டீர்களா? கேட்கமாட்டீர்கள். அங்கே நீங்கள் தங்கச்சிக்கு வீடு கட்டிக் கொடுத்த அண்ணை, பெரிய மனிசர். அந்தப் பெரிய மனத்துக்குப் போன செலவை அறவிட மட்டும் என் வீட்டுக்கு ஆள் அனுப்பி அளக்கிறீர்கள். இது என்ன நியாயம்?

படிவத்தை இந்த முறை திருப்பி அனுப்பவில்லை. அம்மா அடுப்பு மூட்டக் கடதாசி தேடினா. கொடுத்துவிட்டேன்.

தனுசியா


கொக்குவில்
07.06.2025

தனு,

சுருக்கமாக எழுதுகிறேன். மெசினை நிற்பாட்டிவிட்டேன். வீட்டில் இப்போது மெசின் இல்லை. அறையைக் கழுவி யன்னலைத் திறந்து விட்டிருக்கிறேன். றெயில் போவது நல்லாகக் கேட்கிறது.

ஈட்டைப் பற்றி இனிக் கதைக்கமாட்டேன். திரும்பி வாரும்.

ஜெயரூபன்


பருத்தித்துறை
13.06.2025

நான் இன்றைக்கு உங்களைக் கூப்பிடவும் இல்லை.

உங்கள் கடிதம் கண்டதும் இரண்டு நாள் லீவு சொல்லி, பையும் அடுக்கிவிட்டேன். அம்மா உங்களுக்கென்று ஒரு பை நிறைய வடை தட்டிப் பொரித்தா. முற்றம் கூட்ட ஆள் பிடித்துத் தரச் சொல்லி உதயகலா அக்காவுக்குப் போன் எடுத்தேன். மெசின் போய்விட்டதாமே அக்கா என்று சந்தோசத்தில் நானாகத்தான் கேட்டேன்.

“ஓம் பிள்ளை, போட்டுது. லான்ட்மாஸ்டரிலை ஏத்தி நீர்வேலிக்குக் கொண்டு போனவர். தங்கச்சி வீட்டிலை வாழைக்குலை பழுக்கப் போடுற அறை இருக்காம், அதுக்குள்ளை பூட்டப் போறாராம். பிறகு புதுசும் வருதாம்” என்றா.

‘வீட்டில் இப்போது மெசின் இல்லை.’ இதில் பொய் ஒன்றும் இல்லை. அதனால்தான் எனக்கு இவ்வளவு சுடுகிறது. பொய் சொல்லியிருந்தால்கூட என்னை ஏமாற்றக் கஷ்டப்பட்டீர்கள் என்று நினைத்திருப்பேன். உண்மையைச் சொல்லி ஏமாற்றியிருக்கிறீர்கள். மெசினை நிற்பாட்டியது லான்ட்மாஸ்டரில் ஏற்றத்தானே? புதியவற்றில் உங்களுக்கு இன்னும் ஆசை போகவில்லை. ஈட்டைப் பற்றிக் கதைக்கமாட்டீர்கள், நான் வந்து இருந்தால் மெல்ல மெல்லக் கதைப்பீர்கள்.

சுபா மச்சாளிடம் இடம் கேட்டீர்கள் என்றால் அது நல்லதுதான். என் கடிதம் அந்தளவுக்காவது பயன்பட்டது. அந்த வீட்டுக்காரருக்குச் சத்தம் பிடிக்குமோ என்று இருந்து பார்ப்போம்.

வடையை வார்ட்டில் கொடுத்துவிட்டேன். நல்ல மொறுமொறுப்பு என்று எல்லாரும் சொன்னார்கள்.

தனுசியா


கொக்குவில்
28.06.2025

தனு,

எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் இரண்டு கிழமை இழுத்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், பிறகு நீர் எதையும் சொல்லும்.

நீர் எழுதியபடி சுபாவிடம் போய் இடம் கேட்டேன். அவள் தன் புருசன் கேதீஸ்வரன் மச்சானின் முகத்தைப் பார்த்தாள். மச்சானுக்கோ சந்தோசம். அவர் வாழைக்குலையை அறைக்குள் அடைத்துப் புகை போட்டுப் பழுக்க வைத்துச் சந்தைக்கு அனுப்புகிறவர். மெசின் விடும் சூட்டுக் காற்றை அந்த அறைக்குள் திருப்பினால் புகையும் வேண்டாம், விறகும் வேண்டாம், ஒரே கறண்டில் காசும் வரும் பழமும் வரும் என்று நான்தான் சொன்னேன். சொல்லும்போது எனக்கே பெருமையாக இருந்தது. இப்படி ஒரு யோசனை எந்த நாட்டுக்காரனுக்கும் வந்திராது என்று நினைத்தேன். வராததற்குக் காரணம் பிறகுதான் விளங்கியது.

கோயில் திருவிழாவுக்கென்று சொல்லி வைத்த கதலிக் குலைகளை அறை முட்ட அடுக்கினார். அடுத்த நாள் பின்னேரம் கதவைத் திறந்தோம். மெசின் பக்கம் இருந்த குலையெல்லாம் கறுத்துப் போயிருந்தது. தொட்டால் தோல் கையோடு வருகிறது. பழுக்கவில்லை, அவிந்துவிட்டது. பின்பக்கக் குலைகள் பச்சைக் காயாகவே வாடிக் கிடந்தன. அறையில் ஒட்டியிருந்த பழைய புகைக்கரியை இழுத்து இழுத்து மெசினின் விசிறியும் அடைத்து நின்றுவிட்டது.

மச்சான் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நல்லாக இருந்திருக்கும். விறாந்தைக்கு வந்து நின்று, “குறை நினையாதேங்கோ மச்சான். இது சுபாவின்ரை சீதன வீடு. உங்கடை சாமானை உங்கடை வீட்டிலை கொண்டுபோய் வையுங்கோ” என்றார்.

உங்கடை வீடு. நான் அந்த விறாந்தைத் தூணில் கை வைத்துக்கொண்டு நின்றேன். என்ன நிறம் அடிக்க என்று சுபா கட்டாருக்குப் போன் எடுத்து என்னைக் கேட்ட தூண் அது. சுபா குசினி வாசலில் நின்றாள். தேத்தண்ணி மட்டும் கொண்டுவந்து வைத்தாள்.

அங்கிருந்து நேரே கனிசியஸிடம் போனேன், முற்பணத்தையாவது வாங்குவோம் என்று. அவன் கதிரையை விட்டு எழும்பவே இல்லை. “அண்ணை, கொயின் விலை ஏறிட்டுது. கொம்பனிக்காரன் மெசின் விலையை ஏத்திட்டான். கூடின காசையும் கட்டுங்கோ, இல்லாட்டி முற்பணம் போயிடும்” என்றான். அதே வாயால், இதைவிடக் குறைவாகக் கறண்ட் குடிக்கும் இன்னொரு மொடல் வருகிறதென்று புதுத் தாள் ஒன்றை நீட்டினான். நான் பதிந்த மெசின் கப்பலில் ஏற முதலே பழசாகிவிட்டது. பழசானதுக்கு விலை ஏறுகிறது! இது எந்த ஊர் வியாபாரம் என்று கத்திவிட்டு வந்தேன். வாங்குகிறவனின் ஆசையை அளந்து விலை வைக்கிறார்கள் என்று நீர் எழுதியது வழி முழுக்க மண்டைக்குள் நின்றது. நீர் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ள எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

மெசின் இப்போது முன் விறாந்தையில் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கிறது. துப்புரவாக்கினால் ஓடும். விற்கப் பார்த்தேன், புது மொடல் வந்ததால் பழைய இரும்பு விலைக்குக் கேட்கிறார்கள். அறைக்குள் கொண்டுபோகவில்லை. உம்மைக் கேட்காமல் கொண்டுபோக மனம் வரவில்லை.

கடைக்கு மேலே ஒரு சின்ன அறை இருக்கிறது. முதலாளி தரலாம் என்கிறார். நீர் உம்முடைய வீட்டுக்கு வாரும். நான் அங்கே போய் இருக்கிறேன்.

ஜெயரூபன்


பருத்தித்துறை
08.07.2025

இஞ்சாருங்கோ,

கடை அறைக்குப் போகிற கதையை முதலில் விடுங்கள். நான் உங்களைப் போகச் சொன்னேனா? மெசினைத்தான் சொன்னேன். எது மெசின் எது புருசன் என்று எனக்கு வித்தியாசம் தெரியும். உங்களுக்குத்தான் குழம்பிவிட்டது.

உங்கள் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். தூண் வந்த இடத்தில் எனக்கு மேலே வாசிக்க முடியவில்லை, அவர்தான் வாங்கி வாசித்தார். கேதீஸ்வரன் அண்ணையின் குலைகள் பழுதானது உண்மை, அதற்கு நாங்கள் பதில் சொல்ல வேண்டும். ஆனால் ‘உங்கடை வீட்டிலை வையுங்கோ’ என்று உங்களைப் பார்த்துச் சொல்ல அவருக்கு எப்படி நா எழும்பியது? அவர் சாய்ந்து நிற்கிற சுவர் ஆர் கட்டிய சுவர்? சுபா மச்சாள் தேத்தண்ணி கொண்டுவந்தாவாம். நல்ல நாள் ஒன்றில் நான் அங்கே போவேன். தேத்தண்ணி குடிக்கமாட்டேன். கனிசியஸிடமும் போவோம். வார்ட் முடிந்து வெள்ளைச் சீருடையோடு நான் வருகிறேன். ஊசி போடுகிறவளின் முன்னால் அந்தாள் கதிரையை விட்டு எழும்புகிறாரோ என்று பார்ப்போம்.

இனி வீட்டுக் கதை. ஈட்டுக்கு என் கையெழுத்து இல்லை. இன்றைக்கும் இல்லை, இனியும் இல்லை. அதைக் கேட்பதும் இதோடு சரி.

ஆனால் உங்களுடைய ஒரு கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. எந்த வீட்டில் எனக்கு ஒரு மூலை என்று கேட்டீர்கள். போன திங்கள் வேலை இல்லாத நாள். மின்சாரக் கந்தோருக்குப் போய் விசாரித்தேன். எங்கள் பின்வளவில், மாமரத்துக்கு அங்கால், அப்பா விறகு அடுக்கிய கல்லுக் கொட்டில் சும்மா கிடக்கிறதல்லவா? அது தொழில் செய்யும் தனிக் கட்டடம் என்றால் தனி இணைப்புக் கொடுக்கலாமாம். விண்ணப்பிக்கிறவர் வேறு ஆளாகவும் இருக்கலாமாம். காணிச் சொந்தக்காரியின் சம்மதக் கடிதம் மட்டும் வேண்டுமாம்.

கடிதம் இதோடு வருகிறது. ஒருவரும் புள்ளடி போட்டுத் தராமல், வைக்க வேண்டிய இடத்தில் நானே கையெழுத்து வைத்திருக்கிறேன். மீற்றர் உங்கள் பெயரில் வரும். கறண்ட் பட்டியலும் உங்கள் பெயரில்தான் வரும். அப்பாவின் பெயரிலும் இல்லை, என் பெயரிலும் இல்லை. அந்தக் கொட்டிலில் நீங்கள் விரும்பிய இடத்தில் ஆணி அடியுங்கள். மெசினைத் துப்புரவாக்கிப் பூட்டுங்கள். அது எவ்வளவு குடிக்கிறது, எவ்வளவு தருகிறது என்று நான் இனி ஒரு கணக்கும் போடமாட்டேன். மாதம் மாதம் உங்கள் பெயர் போட்டு வருகிற தாளை நீங்களே வாசியுங்கள், உங்கள் உழைப்பில் நீங்களே கட்டுங்கள். கட்டுப்படியானால் ஓடட்டும். ஆகாவிட்டால் நிற்பாட்டுகிற கையும் உங்களுடையது. நான் இரவு வேலை முடித்து வருகிற நாட்களில் மட்டும், நான் எழும்பும்வரை அது வாய் திறக்கக்கூடாது.

வெள்ளிக்கிழமை பின்னேர பஸ்ஸில் வருகிறேன். உங்கள் நம்பரை இன்னும் திறக்கவில்லை, கேற்றில் நின்றே கூப்பிடுவேன். வடை இந்த முறை வார்ட்டுக்குப் போகாது.

இனி ஒரு நாள் எவராவது நாடாவோடு வந்து, அந்த வளவில் உங்களைப் பார்த்து “நீங்கள் ஆர்?” என்று கேட்டால் வாய் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். பின்னுக்குக் கூட்டிக்கொண்டு போய் மீற்றரைக் காட்டுங்கள்.

அன்புள்ள,
தனுசியா